எண்ணா, எழுத்தா?

தேயிலைத் தோட்டத்தில் "பேர்" என்னும் சொல்லுக்கு அகராதியில் காணாத ஒரு பொருள் உண்டு. விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்குச் சென்று, மலையேறிக் கொழுந்து கொய்து, குறித்த நிறையை நிறுத்துக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. மாத முடிவில் "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டால், அவள் மனிதரை எண்ணவில்லை; கூலி நாட்களை எண்ணுகின்றாள். செக்ரோல் பதிவேட்டில் குறி விழுந்தால்தான் உழைப்பு உழைப்பாகும். விழாவிட்டால், முதுகில் கூடையின் தழும்பு இருந்தாலும் கையில் காசு இராது.

நான் பிறந்தது ஹட்டனுக்கு அடுத்த ஒரு தோட்டத்து லயத்திலே. என் தாயார் கொழுந்துக் கூடை சுமந்தவர். நான் படித்துப் பட்டம் பெற்று, இன்று ஒரு கல்லூரியில் கணிதமும் தகவல் தொழினுட்பமும் கற்பிக்கின்றேன். "பேர் இல்லை" என்ற சொல்லை வீட்டிலே கேட்டு வளர்ந்தவன், அதே சொல்லை இன்னொரு வீட்டுக்கு நானே அனுப்பிவைப்பேன் என்று கனவிலும் எண்ணியதில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அது நடந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கின்றது. ஆயினும் சொல்லாமல் வைத்துக்கொண்டால் வெட்கம் மாத்திரமே மிஞ்சும். சொன்னால் நாலு மாணவர்களுக்காவது பயன்படும்.

எங்கள் பழைய மாணவர் சிலர் வெளிநாட்டிலிருந்து பணம் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். வசதி குறைந்த 186 பிள்ளைகளுக்குப் புத்தகமும் சப்பாத்தும் வாங்குவதற்கான பணம் அது. பிள்ளையின் கையில் கொடுக்காமல், தாயாரின் வங்கிக் கணக்கிலேயே இடுவது என்று முடிவாயிற்று. எங்களிடம் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்றில் பிள்ளையின் பெயர், தாயாரின் பெயர், தாயாரின் தேசிய அடையாள அட்டை இலக்கம். மற்றொன்றில் அடையாள அட்டை இலக்கம், அதற்கு நேரே வங்கிக் கணக்கு இலக்கம். இரண்டையும் இணைத்து ஒரே பட்டியலாக்க வேண்டும். "கணினி தெரிந்த மனுஷன் நீங்கள்தானே!" என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது.

விரிதாளில் இதற்கென்றே ஒரு சார்பு உண்டு. எக்செல் செயலியில் அதன் பெயர் வி-லுக்கப். அது செய்யும் வேலை ஒரு நல்ல குமாஸ்தாவின் வேலையே. முதற் பட்டியலில் உள்ள இலக்கத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டாம் பட்டியலின் முதல் நிரலில் மேலிருந்து கீழாக அதனைத் தேடும். கண்டவுடன் அந்த நிரையிலே பக்கத்துக் கலத்தில் இருக்கும் கணக்கு இலக்கத்தைப் படித்துக் கொண்டுவந்து தரும். காணாவிட்டால் "என்.ஏ." என்று ஒரு குறியைக் காட்டும். கிடைக்கவில்லை என்பது அதன் பொருள்.

143 தாய்மாருக்குக் கணக்கு இலக்கம் வந்தது. 43 பேருக்கு "கிடைக்கவில்லை" என்று வந்தது.

இரவு பத்து மணி. வெளியே அடைமழை. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. மறுநாட் காலையில் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அப்பொழுது நான் ஒரு காரியம் செய்தேன். பிழை வந்தால் கலத்தை வெறுமையாக விட்டுவிடு என்று கட்டளையிடும் இஃப்எரர் என்ற மற்றொரு சார்பு உண்டு. அதனை மேலே போர்த்திவிட்டேன். அவலட்சணமான குறிகள் யாவும் மறைந்தன. பட்டியல் துடைத்த கண்ணாடிபோல் ஆயிற்று. "வங்கிக் கணக்கு இல்லாதோர்: 43" என்று அடியிலே ஒரு குறிப்பும் எழுதிக் கையொப்பமிட்டேன்.

ஒரு வாரம் கழிந்தது. பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி ஆசிரியர் அறையின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வராமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்:

"சேர், எங்கம்மாவுக்குப் பேர் இல்லையா?"

நான் பட்டியலைப் பார்த்தேன். "அம்மாவுக்கு வங்கிக் கணக்கு இல்லையேம்மா" என்றேன். "இருக்கு சேர்" என்றாள் மெதுவாக. அதற்குமேல் அவள் வாதாடவில்லை.

மறுநாள் நண்பகலுக்குச் சற்று முன் தாயாரே வந்துவிட்டார். மலையிலிருந்து நேரே வந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு அரைப் பேர்தான் என்பது எனக்குத் தெரியும். மடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து மேசைமேல் பிரித்தார். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் கடிதம் எல்லாம் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ, "எங்க கடுதாசியிலதான் ஏதாவது பிழை இருக்கும் சேர். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏனெனில் அதை நான் முன்னரே கேட்டிருக்கின்றேன். என் பாட்டியாரின் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் நகை கிடையாது, காகிதங்களே இருந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1949ஆம் ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி பிரசாவுரிமை கேட்பதானால், இத்தனை ஆண்டுகள் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்தோம் என்று காகிதம் காட்டி நிரூபிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள்; ஏறத்தாழ 1,34,000 பேருக்கே அது கிட்டியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரை எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர் என்று பங்கிட்டது. எஞ்சி நின்றோரின் பெருங்குறை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே தீரலாயிற்று.

என் பாட்டனார் பெயர் அந்தப் பெட்டியில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. ஒரு காகிதத்தில் தந்தை பெயர் முன்னே, மற்றொன்றில் பின்னே, மூன்றாவதில் ஓர் எழுத்துக் குறைவு. மனிதர் ஒருவர், எழுத்து மூன்று. ஒரு காகிதத்தை மற்றொரு காகிதத்தோடு ஒப்பிட்டவர் "ஒத்துவரவில்லை" என்றார். மலையில் முப்பது ஆண்டுகள் உழைத்த மனிதர் காகிதத்திலே காணாமற் போனார். "நம்ம கடுதாசியிலதான் பிழை" என்று பாட்டியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எழுதியவரின் கையிலே பிழை இருக்கக்கூடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இந்தத் தாயாரிடம் நான் அதைச் சொன்னேன். "அம்மா, பிழை உங்கள் காகிதத்தில் இல்லை. என் கணக்கில்தான் இருக்கின்றது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்திவிடுகின்றேன்" என்றேன். அவர் நம்பினாரோ என்னவோ, பையை மடித்து மடியிலே செருகிக்கொண்டு போனார்.

அன்று மாலை கணினிக்கு முன் உட்கார்ந்தேன். முதலிற் செய்தது, போர்த்திய போர்வையை நீக்கியதே. 43 பிழைக் குறிகளும் மீண்டும் தோன்றின. அவற்றை அவலட்சணம் என்று நினைத்தேனல்லவா? உண்மையில் அவையே அந்தத் தாளில் இருந்த நேர்மையான சொற்கள். "எனக்குக் கிடைக்கவில்லை" என்றுதான் இயந்திரம் சொன்னது. "இவருக்குக் கணக்கே இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டவன் நான்.

பின்பு அந்தத் தாயாரின் இலக்கத்தை இரு பட்டியல்களிலும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். காரணம் கண்ணில் பட்டது. நம் நாட்டின் பழைய அட்டை இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் புதிய இலக்கமோ பன்னிரண்டும் எண்களே. பழையதில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டிலே பிறந்த நாளின் வரிசை, பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். பின்னர் மூன்று தொடரிலக்கம். கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண். 1975 பெப்ரவரி 9ஆம் திகதி பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அது ஆண்டின் 40ஆம் நாள். ஆகவே அவர் அட்டை 75540 என்று தொடங்கும். புதிய வடிவில் முன்னே 19 சேர்ந்து 1975540 ஆகும். அதன்பின் தொடரிலக்கத்துக்கு முன் ஒரு பூச்சியம் சேரும். கடைசி எழுத்து நீங்கும். இரண்டும் ஒரே மனிதரைத்தான் குறிக்கும். எங்கள் கல்லூரிப் பட்டியலில் பழைய வடிவம் இருந்தது. வங்கிப் பட்டியலில் 38 பேருக்குப் புதிய வடிவம் இருந்தது. என் பாட்டனாரின் மூன்று பெயர்கள் திரும்பவும் வந்து நின்றதுபோல் இருந்தது.

அந்தக் கடைசி எழுத்து பெரும்பாலான அட்டைகளில் "வி" என்பதாகும். வாக்குரிமையைக் குறிப்பது அது என்று பரவலாகச் சொல்வர். அந்த ஓரெழுத்தைப் பெறாமலே என் பாட்டனார் காலமானார். கணக்கின் பொருட்டு அதனை ஒவ்வொன்றாக நீக்கியபொழுது கை சற்றுத் தயங்கியது.

நிற்க. பழைய இலக்கங்களை எல்லாம் பக்கத்து நிரலில் புதிய வடிவுக்கு மாற்றினேன். இப்பொழுது இரு பட்டியல்களிலும் அதே பன்னிரண்டு எண்கள், வித்தியாசம் ஒன்றுமில்லை. சூத்திரத்தை மீண்டும் இட்டேன். அத்தனைக்கும் மறுபடி "கிடைக்கவில்லை" என்றே வந்தது!

மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். விரிதாள் ஒரு கலத்திலுள்ளதை இருவகையாக நினைவில் வைக்கும். ஒன்று எண், மற்றொன்று எழுத்து. 25 என்பதைத் தொகையாக வைத்தால் அது எண். அதே 25ஐ இரண்டு வரிவடிவங்களாக வைத்தால் அது எழுத்து. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று; இயந்திரத்துக்கு அவை வேறு வேறு. நான் துண்டு துண்டாக ஒட்டி உண்டாக்கிய பன்னிரண்டு இலக்கங்கள் எழுத்து வகையைச் சேர்ந்தவை. வங்கிப் பட்டியலில் இருந்தவை எண் வகை. எழுத்தைக் கொண்டு எண்ணைத் தேடினால் எந்நாளும் கிடைக்காது.

இதனைக் கண்டுபிடிக்க எளிய அடையாளங்கள் உண்டு. நாமாக இடம் மாற்றி அமைக்காவிட்டால், எண்கள் கலத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். எண்போல் தோன்றும் எழுத்தாயின் கலத்தின் இடது மேல் மூலையில் ஒரு சிறு பச்சை முக்கோணமும் தோன்றுவதுண்டு. எத்தனையோ நாள் அந்த முக்கோணத்தைப் பார்த்திருக்கின்றேன்; அது என்ன சொல்கின்றது என்று கேட்டதில்லை.

சரி, கலத்தின் வடிவத்தை "எழுத்து" என்று மாற்றிவிட்டால் போதாதா என்று என் மாணவரிற் பலர் கேட்பர். போதாது. தேயிலைப் பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் தேயிலை மாறுமா? ஏற்கெனவே எண்ணாகப் பதிந்தது, மேலே வடிவத்தை மாற்றிய பின்னும் உள்ளே எண்ணாகவே இருக்கும். அதைத் திரும்ப உள்ளிட வேண்டும். அல்லது பக்கத்து நிரலில் டெக்ஸ்ட் என்ற சார்பினால் எழுத்தாக மாற்றிக்கொள்ள வேண்டும். எழுத்தை எண்ணாக்க வேல்யூ என்ற சார்பு இருக்கின்றது.

எதை எதுவாக்குவது? இதற்கு நான் ஒரு விதி வைத்திருக்கின்றேன். கூட்டவும் கழிக்கவும் வேண்டியதே எண். கொழுந்தின் நிறை எண், சம்பளம் எண். அடையாள அட்டை இலக்கத்தை யாராவது கூட்டிப் பார்ப்பார்களா? அது எண்ணின் உடையில் இருக்கும் பெயர். தொலைபேசி இலக்கமும், வங்கிக் கணக்கு இலக்கமும் அப்படியே. ஹட்டன் தொலைபேசி இலக்கம் 051 என்று தொடங்கும். அதனை எண்ணாக உள்ளிட்டால் முன்னிருக்கும் பூச்சியம் மறைந்துவிடும். பன்னிரண்டு இலக்க எண்ணை எக்செல் தன் பொது வடிவத்தில் அடுக்குக்குறியாகச் சுருக்கிக் காட்டும். அந்நிலையில் காற்புள்ளியிட்ட எளிய கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். பதினைந்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் இருந்தால் பதினாறாவது முதல் பூச்சியமாகிவிடும். ஆதலால் பெயராக நிற்கும் இலக்கத்தைத் தொடக்கத்திலேயே எழுத்தாக வைப்பதுதான் பத்திரம்.

நான் இரு பட்டியல்களிலும் இலக்கத்தை எழுத்தாக்கினேன். 38 பேரும் ஒரே கணத்தில் கிடைத்தார்கள். எஞ்சியவர் ஐவர். அவரில் மூவரின் இலக்கத்துக்குப் பின்னே தட்டச்சில் தவறி விழுந்த ஒரு வெற்றிடம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியை டிரிம் என்ற சார்பு வெட்டி எறிந்தது. ஒருவரின் இலக்கத்தில் இரண்டு எண்கள் இடம்மாறி இருந்தன. அதனை எந்தச் சூத்திரமும் திருத்தாது, அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தே திருத்தினேன். மீதி ஒருவருக்கு மாத்திரமே மெய்யாக வங்கிக் கணக்கு இல்லை. 43 பேர் என்று கையொப்பமிட்டேனே, உண்மை ஒருவர்!

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். வி-லுக்கப் சூத்திரத்தின் கடைசியில், அச்சொட்டாக ஒத்திருப்பதையே தேடு என்று கட்டளையிட வேண்டும். அதற்கு அங்கே ஃபோல்ஸ் என்றோ பூச்சியம் என்றோ இடுவோம். அதை விட்டுவிட்டால் இயந்திரம் கிட்டத்தட்ட ஒத்த ஒன்றை எடுத்துத் தரலாம். அப்பொழுது பிழைக் குறி தோன்றாது. ஒருத்தியின் பணம் சத்தமின்றி மற்றொருத்தியின் கணக்குக்குப் போகும். "கிடைக்கவில்லை" என்ற பதிலைவிட அது பொல்லாதது.

இத்தகைய தவறு மலைநாட்டுப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு மாத்திரம் நேர்வதன்று. மனித மரபணுக்களிற் சிலவற்றுக்கு மார்ச், செப்ற் என்னும் சுருக்கப் பெயர்களோடு ஓர் எண்ணும் சேர்ந்திருந்தது. விஞ்ஞானிகள் அவற்றை விரிதாளில் இட்டதும், அது மார்ச் முதலாந் திகதி, செப்டம்பர் இரண்டாந் திகதி என்று நாட்களாக மாற்றிவிட்டது. மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஐந்திலொரு பங்கில் இத்தகைய பிழை இருந்ததென 2016ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி காட்டியது. 2020ஆம் ஆண்டில் மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு அந்தப் பெயர்களையே மாற்ற நேர்ந்தது. மரபணுவின் பெயரை மாற்றலாம்; அதற்கு மனம் நோகாது. மனிதரின் பெயரை அட்டவணைக்கு ஏற்ப மாற்றிக்கொள் என்று சொல்வது தகுமா? மாற வேண்டியது அட்டவணைதானே?

குடும்பத்தவர்க்கு ஒரு வார்த்தை. அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கின்றதோ, வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் தோட்டத்துக் காரியாலயத்திலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதச் செய்யுங்கள். புதிய இலக்கம் இருந்தால் பழையதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். "பேர் இல்லை" என்று யாராவது சொன்னால் தலை குனிந்து திரும்பாதீர்கள், "எந்த இலக்கத்தைக் கொண்டு தேடினீர்கள்?" என்று ஒரு முறை கேளுங்கள்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளை நீங்கள் காரியாலயங்களில் உட்காருவீர்கள். உங்கள் விரலின் கீழே ஆயிரம் பேருடைய கூலியும், சேமலாப நிதியும், ஓய்வுக்காலமும் இருக்கும். மூலப் பட்டியலில் கை வைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு நிரல் திறந்து அங்கே திருத்துங்கள். பிழைக் குறியை மூடி மறைக்காதீர்கள்; அதன் பின்னால் ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்கக்கூடும்.

திருத்திய பட்டியலை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டேன். பழைய பட்டியலில் பிழை என்னுடையது என்று எழுதிக் கையொப்பமும் இட்டேன். அடுத்த மாதத் தொடக்கத்தில் அந்த மாணவி மீண்டும் ஆசிரியர் அறைக்கு வந்தாள். இம்முறை வாசலில் நிற்கவில்லை, மேசைக்கருகே வந்தாள்.

"அம்மா சொல்லச் சொன்னாங்க சேர். பேர் விழுந்துருச்சாம்."